கண்ணாடியில் பார்த்து இஸ்திரி போடுங்கள்



இன்று டி-ஷர்ட்டில் படமும் எழுத்தும் ஒட்டும் வேலையைப் பற்றிப் பேசலாம். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். வீட்டில் உள்ள மின்சார இஸ்திரிப் பெட்டி போதும். படத்தை அதற்கென்று விற்கும் தாளில் அச்சிட வேண்டும். தாளைச் சட்டையின் மேல் கவிழ்த்து வைத்துச் சூடாக அழுத்த வேண்டும். தாளில் உள்ள மெல்லிய பசைப்படலம் உருகும். மையோடு சேர்ந்து துணியில் ஒட்டிக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மும்பை தாராவியில் ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது தெரியுமா?

தாராவியில் தமிழ் மக்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். இந்தப் பெண்ணின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து தமிழ் படிக்கக் கற்றவர். மராத்தி நன்றாகப் பேசுவார். படிக்க வராது.

மும்பையில் கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள் தஹி ஹண்டி விழா நடக்கும். நம் ஊர் உறியடி போன்றது. இளைஞர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று, உயரத்தில் தொங்கும் பானையை உடைப்பார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போடும். முதுகில் குழுவின் பெயர் இருக்கும்.

பக்கத்துத் தெருப் பையன்கள் வந்தார்கள். "மாவ்ஷி, 24 சட்டை வேண்டும்" என்றார்கள். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. சட்டை ஒன்றுக்கு 200 ரூபாய் பேசினார்கள். பெயரை ஒரு சீட்டில் மராத்தியில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண் சேமிப்புக் குழுவில் கடன் வாங்கினார். வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று 110 ரூபாய். தாளும் அச்சும் சேர்ந்து ஒன்றுக்கு 45 ரூபாய். ஆக 155 ரூபாய் செலவு. 45 ரூபாய் மிச்சம். 24 சட்டைக்கு 1,080 ரூபாய். மகளின் பள்ளிச் செலவுக்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அச்சுக் கடையில் பையன் கேட்டான். "சீதாவா, உல்டாவா?" நேராகவா, திருப்பியா என்று அர்த்தம். எழுத்தை யாராவது திருப்பிப் போடுவார்களா என்று இவர் நினைத்தார். "சீதா" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஆறு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். அச்சு அழகாக ஒட்டியிருந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்தாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே மராத்தியும் ஒரு பாடம்.

"என்னம்மா இது? எழுத்தெல்லாம் திரும்பி இருக்கு!"

ஆறு சட்டை போயிற்று. மீதி 18 தாளும் உதவாது. வேறு வழியில்லை. மேலும் ஆறு சட்டை வாங்கினார். 24 தாளும் புதிதாக அச்சிட்டார். ஆக 30 சட்டைக்கு 3,300 ரூபாய். 48 தாளுக்கு 2,160 ரூபாய். மொத்தம் 5,460. கைக்கு வந்தது 4,800. கையை விட்டுப் போனது 660 ரூபாய். கெட்டுப்போன சட்டைகளை இன்றைக்கும் அவர் கணவர் வீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏன் இப்படி ஆயிற்று? தாளைக் கவிழ்த்து வைக்கிறோம். அதனால் இடது வலதாகும், வலது இடதாகும். ரப்பர் முத்திரையை உற்றுப் பாருங்கள். எழுத்து திரும்பித்தான் இருக்கும். 'ப' எழுத்தைத் திருப்பினால் பெரிய வித்தியாசம் தெரியாது. 'ட' எழுத்தைத் திருப்பினால் உடனே தெரிந்துவிடும். நமக்குத் தெரிந்த மொழி என்றால் கண் கண்டுபிடிக்கும். தெரியாத மொழி என்றால்?

அதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. அச்சிட்ட தாளைக் கண்ணாடி முன் காட்டுங்கள். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரிவதும் சீட்டில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் தாள் சரி. மராத்தியோ, வங்காளமோ, எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. 24 தாள் அச்சிடும் முன் ஒரே ஒரு தாளை அச்சிட்டு இப்படிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். இது வெள்ளை, வெளிர்நிறச் சட்டைக்கான தாளைப் பற்றியது. கறுப்பு, நீலம் போன்ற சட்டைக்கு வேறு தாள் உண்டு. அதில் பின்பக்கத் தாளை உரித்துவிட்டுப் படம் மேலே தெரியும்படி வைப்பார்கள். அதற்கு எழுத்து நேராகவே அச்சாக வேண்டும். எந்தத் தாள் என்று உறையில் போட்டிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டு, நம் நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை விநாடி அழுத்துவது, சூட்டோடு உரிப்பதா, ஆறிய பிறகா என்பதும் அதில்தான் இருக்கும். தாளுக்குத் தாள் இது மாறும்.

இனி இஸ்திரி. புதுச் சட்டையை ஒரு முறை அலசிக் காய வைக்க வேண்டும். கஞ்சிப்பசை இருந்தால் படம் சரியாக ஒட்டாது. மெத்தை போட்ட பலகை வேண்டாம். கெட்டியான மேசைமேல் ஒரு பருத்தித் துணி விரித்தால் போதும். பெட்டியில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நீராவி பட்டால் படம் கெடும். கரிப்பெட்டியும் உதவாது. சூட்டை அளவாக வைக்க முடியாது. கரித்தூளும் விழும். உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். ஓரங்களை விட்டுவிடாதீர்கள். உரிவது ஓரத்தில்தான் தொடங்கும்.

பாலியெஸ்டர் சட்டைக்குப் பருத்திக்கு வைக்கும் சூட்டை வைத்தால் துணி பளபளத்துச் சுருங்கிவிடும். சட்டையின் உள்சீட்டைப் பார்த்து வாங்குங்கள். படம் ஒட்டிய சட்டையை ஒரு நாள் கழித்துத்தான் துவைக்க வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில். தஹி ஹண்டியில் மேலே தண்ணீரை ஊற்றுவார்கள். தோளில் கால் வைத்து ஏறுவார்கள். அதனால் அந்தப் பெண் விழாவுக்கு முதல் நாள் வேலை எடுப்பதில்லை. தோள்பட்டையில் எழுத்து ஒட்டவும் மாட்டார். "அங்கே வேண்டாம் தம்பி, மிதிபட்டு வெடிச்சிடும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

அந்தப் பையன்கள் பிள்ளையார் சதுர்த்திக்கும் வந்தார்கள். 40 சட்டை. பழைய கடன் அதில் அடைந்தது.

மேசைமேல் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று சரி, ஒன்று தவறு. கண்ணாடியும் இருக்கிறது. பெட்டி சூடாவதற்குள் ஒவ்வொருவராக வந்து எது சரி என்று பாருங்கள்.