எதிரிக்காக எழுதிய கைகள்



சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கு 'வழக்குரை காதை' என்பது பெயர். வழக்கு உரைக்கப்படுவது கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த பிறகு என்பதே அக்காதையின் பெருந்துயரம். பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், காவலர் ஏவப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவன் பக்கத்து உரை எங்கும் கேட்கப்படவில்லை. சிலம்பை உடைத்துக் கண்ணகி நிறுவிய மெய்ம்மை, ஒரு நாழிகை முன்னதாக அவைக்கு வந்திருந்தால் மதுரை எரிந்திராது. குற்றவியல் வழக்கறிஞரின் தொழிலென்பது அந்த ஒரு நாழிகையை முன்கூட்டியே வாங்கித் தருவதுதான்.

தமிழக நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குறிக்க வழங்கும் சொல் 'எதிரி' என்பதாகும். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றே அழைப்பர். விசாரணை தொடங்குமுன்னரே ஒருவன் எதிரியாகிவிடுகிறான். யாருக்கு எதிரி? சொற்களோடு பழகும் கவிஞர்கள் இந்தச் சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் தகும். அந்த எதிரியின் பக்கம் நின்று வாதாடியதோடு அமையாமல், எழுதவும் செய்த வழக்கறிஞர் சிலரை நினைவுகூர்வதே இவ்வுரையின் நோக்கம். அத்தகையோர் வரலாற்றின் ஒரு தலைவாயில், இந்தச் சேர்வராயன் மலையிலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் இறங்கினால் எட்டிவிடும் சேலம் மாநகர்.

1882ஆம் ஆண்டு சேலத்தில் இந்துக்களுக்கும் இசுலாமியர்க்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. வழக்கறிஞராக அண்மையில் தொழில் தொடங்கி, நகரசபை உறுப்பினராகவும் ஆகியிருந்த சேலம் விஜயராகவாச்சாரியார் அதனைத் தூண்டியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார். பலர் இத்தோடு வீடு திரும்பி, கதவை அடைத்துக்கொண்டிருப்பர். அவரோ எழுதுகோலை எடுத்தார். தம்மைப் பதவியிலிருந்து நீக்கியது செல்லாதென்று அரசின்மீதே வழக்குத் தொடுத்தார். இந்தியச் செயலருக்கு எதிரான அவ்வழக்கு 1884ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் இடம்பெற்றது. அதனினும் பெரிது, அதே கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டோரின் விடுதலைக்காக வைசிராய் ரிப்பன் பிரபுவுக்கு எழுதியது. அவர்களும் மீண்டனர். (அவர்கள் இருந்தது புகழ்பெற்ற செல்லுலர் சிறை என்று எழுதுவோர் உளர். அச்சிறை கட்டி முடிந்தது 1906இல், அது பொருந்தாது.)

அந்நாளில் வார இதழாக இருந்த 'இந்து' சேலம் வழக்கினைக் கையிலெடுத்து எழுதியது. 1878இல் அவ்விதழைத் தொடங்கிய அறுவருள் நால்வர் சட்ட மாணவர் என்பது இங்கு நோக்கத்தக்கது. நீதிமன்றத்தில் எழுந்த குரலும் அச்சுக்கூடத்தில் எழுந்த குரலும் ஒரே கூட்டத்தாரிடமிருந்து வந்தன. ஒருவர் வாதம் மற்றவர்க்குக் கட்டுரையாயிற்று. வக்கீல்கள் கூடிய திண்ணைகளே அக்காலத்து அரசியல் பள்ளிகள் எனலாம்.

அடுத்த தலைமுறையில் அதே சேலத்தில் இராசாசி தொழில் நடத்தினார். நாட்டுரிமை பேசியமைக்காக அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்ட வரதராசுலு நாயுடுவுக்காக வாதாடினார். 1921ஆம் ஆண்டு இறுதியில் அவரே எதிரியாகிச் சிறை சென்றபோது எழுதிய நாட்குறிப்பு 'சிறையில் தவம்' என வெளிவந்தது. அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆயினும் வாதாடிப் பழகிய கையின் சிக்கனம் அவர் தமிழில் உண்டு.

கவிஞர் அவைக்கு மிகவும் நெருங்கியவர் வ.உ.சி.தான். கப்பலோட்டிய தமிழர் என்ற பெருமையின் நிழலில் ஒட்டப்பிடாரத்து வக்கீல் மறைந்துபோனார். 1895 முதல் அங்கே அவர் நடத்தியவை பெரும்பாலும் குற்ற வழக்குகள். ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடினார். காவல்துறையினர் புனைந்த வழக்குகளை உடைத்தார். அவர்களுடைய பகை முற்றவே, தந்தையார் உலகநாத பிள்ளை மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார் என்பர். தாமும் வழக்கறிஞரான தந்தைக்கு அப்பகையின் விலை தெரிந்திருக்கும். இவற்றையெல்லாம் வ.உ.சி. தம் சுயசரிதையில் செய்யுளாகவே எழுதினார். பாட்டுடைத் தலைவன் வேந்தனாகவும் வள்ளலாகவும் இருந்த மொழியில், கீழ்நீதிமன்றமும் பொய்ச்சாட்சியும் காவல் அதிகாரியும் பாடுபொருளாயினர். அலங்காரம் குறைவு. நடையும் சில இடங்களில் உரைநடையை ஒட்டியே செல்லும். அதனைக் குறையென்று தள்ளிய திறனாய்வு, என்ன நிகழ்ந்தது என்பதை வரிசைபிறழாமல் சொல்லும் அந்த வக்கீல் பழக்கம் தமிழ்ச் செய்யுளுக்குப் புதுவரவு என்பதைக் காணத் தவறிவிட்டது.

1908இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கறிஞர் உரிமையும் போயிற்று. 1912 இறுதியில் விடுதலையானவரை வறுமை சூழ்ந்தது. பின்னாளில் அவ்வுரிமையை மீட்டுத் தர உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை அசைத்தவர் ஓர் ஆங்கிலேயரின் பெயரை வீட்டில் நாளும் அழைத்தார். ஆட்சியையும் ஆளையும் பிரித்தறியும் இந்தப் பக்குவம் நீதிமன்றம் பழக்கியதாக இருக்கலாம்.

இவ்வளவு சொல்லியும் ஒரு குறை எஞ்சுகிறது. வழக்கறிஞர்கள் எழுதினர், யாருக்காக எழுதினரோ அவர்கள் எழுதவில்லை. அந்தமானிலிருந்து மீண்ட சேலத்து மனிதர் தம் நாட்களைப் பற்றி என்ன சொன்னார்? இலக்கிய வரலாற்றில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

சேர்வராயனுக்கு அண்டை மலையான சித்தேரியின் அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 சூன் 20ஆம் நாள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன. கொடுமைக்கு உள்ளான பெண்களே கடத்தல் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். முதலில் எதிரிகளாக்கப்பட்டவர்கள் அவர்களே. மக்கள் இயக்கத்தாரும் வழக்கறிஞர்களும் துணைநிற்க, அப்பெண்கள் பின்னர்ச் சாட்சிக் கூண்டில் ஏறினர். 2011 செப்டம்பரில், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

அங்கே வழக்கறிஞரின் பணி, கேள்வியைக் கேட்டுவிட்டு அமைதி காப்பதாக இருந்தது. பதில் சொன்னவர்கள் மலைப்பெண்கள். அவர்கள் தங்கள் பேச்சுமொழியில் சொல்லியதை எழுத்தர் ஒருவர் பதிவு செய்துகொண்டார். அந்தச் சாட்சியப் படிவங்கள் இன்று நீதிமன்றக் கட்டுகளில் இருக்கின்றன. அவற்றைத் தமிழ் உரைநடையின் பக்கங்களாக எடுத்துப் படித்தவர் இலக்கிய உலகில் அரியர்.