விழுந்த கையும் தொங்கிய மணிக்கட்டும்
(ஹட்டனில் நடந்த மாதர் கூட்டத்தில் பேசியது)



வலது கையால் இடது மேற்கையைப் பிடித்துக்கொண்டு முழங்கையை மடக்கிப் பாருங்கள். முன்பக்கம் திரளுவது இருதலைத் தசை. பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் பின்னுக்குப் போடும்போது கையை மடக்குவது அதுவும் அதற்கு அடியில் உள்ள தசையும்தான். இனி நீட்டுங்கள். பின்பக்கம் இறுகுவது முத்தலைத் தசை. அடுத்த செடிக்குக் கை எட்டுவது அதனால்.

தசை தானாக வேலை செய்யாது. கழுத்திலிருந்து வரும் நரம்புகள் அக்குளில் பின்னிப் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. அதில் ஒன்று ஆரை நரம்பு. முத்தலைத் தசைக்குக் கிளை கொடுத்துவிட்டு, மேற்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றி வந்து, மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குப் போகிறது. எலும்பு நடுவில் முறிந்தால் இந்த நரம்பும் அடிபடலாம்.

நம் அம்மா ஒருவர் மழைநாளில் கொழுந்து மூட்டையோடு கானில் விழுந்தார். எலும்பு பொருந்தியது. கட்டை அவிழ்த்தபோது மணிக்கட்டு தொங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. “கட்டுப் போட்ட கை அப்படித்தான், வேலை செய்தால் சரியாகும்” என்று மலைக்கு அனுப்பினார்கள். முழங்கை நன்றாக நீண்டதால் நாமும் அதை நம்பினோம். முத்தலைத் தசைக்கான கிளைகள் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிட்டிருக்கும். அதனால் முழங்கை நீளும், மணிக்கட்டு எழாது. பிள்ளைகளுக்கு எலும்பும் தசையும் படிப்பிக்கிற நமக்கே இது அப்போது தெரியாது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையில் ஏற்படும் விபத்துக் காயத்துக்கு நட்டஈடு கேட்க இடம் தருகிறது. ஆனால் துண்டில் “எலும்பு முறிவு, குணம்” என்று மட்டும் இருந்தால் தொங்கும் மணிக்கட்டைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுவது?

ஆகவே விழுந்த அன்றே, கட்டுப் போடுமுன், உள்ளங்கையைக் கீழே வைத்து மணிக்கட்டைத் தூக்கிப் பாருங்கள். எழவில்லையா, புறங்கையில் பெருவிரல் பக்கம் மரத்திருக்கிறதா? டொக்டரிடம் சொல்லுங்கள், அதையும் எழுதித் தரக் கேளுங்கள். பலருக்கு இந்த நரம்பு சில மாதங்களில் தேறிவிடும். அதுவரை மணிக்கட்டுக்குத் தாங்கல் வேண்டும். டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, விரல்கள் இறுகாமல் மற்றக் கையால் தினமும் நீட்டிவிட வேண்டும். அந்தக் கையோடு நிறை எடு என்று கேட்டால் உடனே சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

போன வருசம் விழுந்தவர்கள் உங்கள் லயத்திலும் இருப்பார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவர்களை மணிக்கட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். எழாதவர்களின் பெயரை மாதர் தலைவியிடம் கொடுங்கள்.