வாய்க்காலில் போகும் காவிரி

 

நம் ராமநாதபுரம் சீமைக்குத் தண்ணியில்லாக் காடு என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்தக் காட்டுக்குத் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அது வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து குடத்தில் பிடிக்கிறோம். அரிசி களைகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், குளிக்கிறோம். அதற்குப் பிறகு அந்தக் காவிரி எங்கே போகிறது என்று யாராவது கேட்டோமா? வாசல் சாக்கடையில் இறங்கி, பள்ளம் பார்த்து ஓடி, ஊருணியிலும் கண்மாயிலும் போய் நிற்கிறது. நம் பாட்டன்மார் ஊருணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். குடிதண்ணீருக்கு அவ்வளவு காவல்!

கழிப்பறைத் தண்ணீர் வேறு, அடுப்படித் தண்ணீர் வேறு. இரண்டையும் ஒரே சாக்கடையில் விடுவதுதான் முதல் தவறு. அடுப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்வது எளிது. முதலில் ஒரு சின்னத் தொட்டி. எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் தங்கும். நடுவில் தெளிந்தது சரளைக்கல் படுகைக்குள் நுழையும். அந்தப் படுகையில் கல்வாழையும் நாணலும் நடவேண்டும். கல்லை எடுத்துத் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் குடியிருப்பு. அழுக்கைத் தின்பது அதுதான். வெளியே வருவது குடிக்கிற தண்ணீர் அல்ல. ஆனால் வேம்பும் புங்கனும் அதில் செழித்து வளரும். இதற்கு மின்சாரம் வேண்டாம். படுகை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். திறப்புவிழா நடந்த பல திட்டங்கள் பாழானது இந்த ஒரு இடத்தில்தான்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். அடித்தளம் பூசாமல் உறை இறக்கிவிட்டு, “எங்க டேங்க் நிறையவே நிறையாது” என்று பெருமை பேசுகிறோம். நிறையாது ஐயா, அது நிலத்தடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது! ஒழுங்காகக் கட்டிய தொட்டியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்தாக வேண்டும். உள்ளே மனிதரை இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அது பாவம்.

சரி, லாரி எடுத்ததை எங்கே கொட்டுகிறது? கருவேலங்காட்டு ஓரத்திலா? செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழி என்று ஒரு ஊர். நம்மைப் போல பேரூராட்சிதான். தமிழ்நாட்டின் முதல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் அங்கேதான் வந்தது. பக்கத்து மதுராந்தகத்து லாரிகளும் அங்கே வருகின்றன. படுகையில் கொட்டிய கசடிலிருந்து தண்ணீர் வடிந்து தனியே சுத்தமாகிறது. மிஞ்சிய கசடு வெயிலில் காய்கிறது. வெயிலுக்கு நமக்கா பஞ்சம்? நம் அபிராமம், கமுதி, பார்த்திபனூர் மூன்று ஊரும் சேர்ந்தால் பொதுவாக ஒன்று கேட்க முடியாதா?

தாய்மார்களே, அடுத்த முறை வார்டு உறுப்பினர் உங்கள் தெருவுக்கு வரும்போது சாலையும் விளக்கும் மட்டும் கேட்காதீர்கள். ஊருணியில் விழும் சாக்கடை வாய் எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுங்கள். அங்கே ஒரு கல்படுகை கேளுங்கள். கட்டும்வரை விடாமல் கேளுங்கள்.