ஒரு நிலையத்தின் பெயர் பெற்ற எண்



சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசத் தமிழறிந்தோர் பலர் இங்கு உளர். இருப்புப்பாதை எழுத்தராய்ப் பணியாற்றும் நாமோ மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்ததில்லை. ஆதலின் நாம் அறிந்த ஒரே ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லி அமைகின்றோம். அந்த எண் 12345678987654321. நூற்று இருபத்து மூன்று கோடி கோடிக்கும் மேற்பட்டது.

இவ்வகை எண்களுக்கு டெம்லோ எண்கள் என்று பெயர். நம்மில் பலர் நாள்தோறும் மின்வண்டியில் கடந்து செல்லும் டோம்பிவிலி நிலையத்தின் பழைய பெயரே டெம்லோ. அங்கேதான் இவற்றை ஆராயும் எண்ணம் தமக்கு உதித்தது என்றார் த. ரா. காப்ரேகர். 1905இல் டஹாணுவில் பிறந்து, தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். முதுகலைப் பட்டம் பெறாதவர். அவர் ஆராய்ச்சியை விளையாட்டென்று நகைத்த கணித அறிஞர்களும் இருந்தனர். வண்டிக்குக் காத்திருந்த எத்தனையோ ஆயிரம் பேருக்கு அந்நிலையத்தில் கொட்டாவிதானே வந்திருக்கும்!

எண்ணின் பிறப்பைக் காண்போம். ஒன்பது ஒன்றுகளை, அதாவது 111111111ஐ, அதே எண்ணால் பெருக்குக. ஒன்பது வரிகள் வரும். சரக்குவண்டிகள் ஒன்பதை, ஒன்றைவிட ஒன்று ஒரு பெட்டி தள்ளி, அடுத்தடுத்த தண்டவாளங்களில் நிறுத்தினாற்போல் அவை நிற்கும். வலக்கோடிப் பத்தியில் ஒன்று ஒன்றே, அடுத்ததில் இரண்டு, நடுப்பத்தியில் ஒன்பது, பிறகு குறைந்துகொண்டே போய் மீண்டும் ஒன்று. எப்பத்தியிலும் கூட்டல் ஒன்பதைத் தாண்டாமையால், அடுத்த பத்திக்கு ஏற்ற வேண்டிய மிச்சம் எதுவும் இல்லை.

அந்த மிச்சத்தின் அருமை நமக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதக் கணக்கைக் கூட்டுகையில், கையில் நின்ற ஒன்றை அடுத்த பத்தியில் ஏற்ற மறந்தோம். நூறு ரூபாய் குறைந்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மூன்றிரவு உறக்கமில்லை. நான்காம் நாள்தான் மறந்த ஒன்று அகப்பட்டது. ஆகவே மிச்சமே இல்லாத இப்பெருக்கலை முதன்முதல் போட்டுப் பார்த்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சியைப் படித்தவர்கள் பொறுத்தருள்க.

இன்னும் கேளுங்கள். நடுவிலுள்ள 9ஐ விலக்கி, இடப்புற 12345678உடன் வலப்புற 87654321ஐக் கூட்டினால் 99999999. விலக்கிய ஒன்பதே எட்டு முறை! டெம்லோ எண்ணின் இலக்கணம் இதுவே. இலக்கங்கள் பதினேழையும் கூட்டினால் 81. அந்த 81ஆல் முழு எண்ணும் மீதியின்றி வகுபடும். இப்படித் தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு, மகிழ்ச்சி தருபவை எனும் பொருளில் ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டவரும் காப்ரேகரே.

ஒன்பதோடு நில்லாமல் பத்து ஒன்றுகளை எடுத்தால் என்ன ஆகும்? நடுப்பத்தியில் பத்து சேர்கின்றது. பூச்சியத்தை எழுதி ஒன்றை ஏற்றுகின்றோம். அடுத்த பத்தியிலும் ஒன்பது பத்தாகின்றது. அதற்கடுத்த எட்டு ஒன்பதாகின்றது. முடிவில் வருவது 1234567900987654321. ஏறுவரிசையிலிருந்து எட்டைக் காணோம். நடுவே இரு பூச்சியங்கள்.

பதினொரு ஒன்றுகளை எடுத்தால் படிக்கட்டு எங்கே உடையும்? முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தாளில் போட்டுப் பார்த்து, உணவு இடைவேளையில் விடையை நம்மிடம் காட்டலாம். கையில் நிற்பதை ஏற்ற மறவாதீர்கள்.