பழுதறியும் திறனை அளப்பது எவ்வாறு?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிள்ளைகள் தேர்வில் பெறும் மதிப்பெண்ணைக் கொண்டே அவர்தம் திறமையை நாம் எடைபோடுகிறோம். அவ்வெடைக்கல் எல்லாத் தொழிலுக்கும் பொருந்துமா? இராணுவத்தில் ரேடார் முதலிய எலக்ட்ரானிக் கருவிகளைப் பேணும் கம்மியர்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ரேடார் ஓய்ந்துவிட்டால் வானில் பறப்போரின் உயிர் இக்கம்மியரின் கையில் இருக்கிறது. மின்சார விதிகளை அவர் தடையின்றி ஒப்பிக்கலாம். ஆனால், பழுது எங்கே என்று காண்பாரா? ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவர், நாடி பாராமல் மருந்துகளை அள்ளிக் கொடுக்கும் வைத்தியரை ஒத்தவரே ஆவார்.

இத்தகைய திறனை அளக்க, 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிளேசர் முதலியோர் ஒரு தேர்வு முறையை வகுத்தனர். தாளில் பழுதின் அறிகுறியும், செய்யத்தக்க சோதனைகளின் வரிசையும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு சோதனையின் முடிவும் சிறு காகிதத் துண்டினால் மூடப்பட்டிருக்கும். தேர்வர் தாம் வேண்டும் துண்டைக் கிழித்தே முடிவை அறிதல் வேண்டும். எவ்வெவற்றைச் சோதித்தார், எத்தனை சோதனைகள் செய்தார் என்பதற்குக் கிழிந்த துண்டுகளே சாட்சி!

ஒன்றன்பின் ஒன்றாக 64 பகுதிகள் கோத்த கருவியில் ஒன்று மட்டும் பழுதென்று கொள்வோம். முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து வந்தால் 63 சோதனைகள்கூட ஆகலாம். நடுவிற் சோதித்து, பழுதற்ற பாதியை ஒதுக்கிக்கொண்டே சென்றால் 6 சோதனைகள் போதும். இருவர் கண்ட விடையும் ஒன்றே. ஆயினும் இருவரும் நிகராவரோ?

1980-களில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆலன் லெஸ்கோல்டு குழுவினர், அமெரிக்க விமானப்படைக்காக 'ஷெர்லாக்' என்னும் கணிப்பொறிப் பயிற்சியை அமைத்தனர். எஃப்-15 விமானத்தின் எலக்ட்ரானிக் பாகங்களைச் சோதிக்கும் பொறியில் நேரும் பழுதுகளை அது திரையிற் காட்டும். பயில்வோர் தடுமாறுமிடத்துக் குறிப்பும் கொடுக்கும். 20 முதல் 25 மணி நேரம் பயின்றவர்கள், அவர்களைவிட நான்காண்டு அனுபவம் மிகுந்தோர்க்கு ஏறத்தாழ இணையாகப் பழுதறிந்தனர் என மதிப்பீடு கூறிற்று. எனவே, இத்திறன் பிறவிக் கொடை மட்டுமன்று. முறையாகப் பயிற்றினால் வளர்வது.

எழுத்துத் தேர்வு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அது நூலறிவை அளக்கும். வழி காணும் அறிவை அளக்க வேறு கோல் வேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது. அக்கோல் இல்லாவிடத்தில் நல்ல தொழிலாளி பின்தள்ளப்படுவான். அவன் திறத்தால் காப்பாற்றப்பட வேண்டியவர்களும் இடருறுவர்.

ஆகவே, நம் பிள்ளைகளிடம் "விடை என்ன?" என்று கேட்பதோடு, "எவ்வாறு கண்டாய்?" என்றும் கேட்போம். ஓடாத மின்விசிறியைக் கழற்றி ஆராயும் சிறுவனை, மதிப்பெண் குறைந்தவன் என்று இகழாதிருப்போமாக.