பனிக்குடத்துக்குக் காவல்

 

2020-இல் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில். ஆறு, ஏழு மாதத்திலேயே பிறந்துவிடும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், பலருக்குக் காரணம் கிருமித் தொற்று.

அது எப்படி நடக்கிறது? பிறப்புறுப்பு வழியாகக் கிருமி மேலேறிப் பனிக்குடச் சவ்வைத் தொடுகிறது. தாயின் உடல் சும்மா இருக்குமா? அழற்சிப் பொருள்களைக் கொட்டி எதிர்க்கிறது. அந்த அழற்சிதான் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. சவ்வை அரித்து நைய வைக்கிறது. பிள்ளையைக் காக்க எழுந்த எதிர்ப்பே அதை நாளுக்கு முன் வெளியே தள்ளிவிடுகிறது.

கிருமியைக் கொன்றால் போதாதா என்பீர்கள். பிரிட்டன் மருத்துவர்கள் அதையும் சோதித்தார்கள். 'ஆரக்கிள்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2001-இல் வெளிவந்தது. பனிக்குடம் உடையாமல், தொற்றின் அறிகுறியும் இல்லாமல், முன்கூட்டி வலி கண்ட பெண்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை. அந்தப் பிள்ளைகளை ஏழு வயதில் பார்த்தபோது, மருந்து பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் மூளை முடக்குவாதம் கூடுதலாக இருந்தது! என் மனத்தை மிகவும் உலுக்கிய செய்தி இது. தேவைப்படும் இடத்தில் உயிர் காக்கும் மருந்தை, தேவையற்ற இடத்தில் தொடக் கூடாது.

இன்னொரு பக்கம், அறிவியல் நஞ்சுக்கொடியின் சொந்தக் காவலைத் தேடிப் போனது. வெயில் நம் தோலில் பட்டு உண்டாகும் வைட்டமின் டி-யை, நஞ்சுக்கொடியின் செல்கள் தாமே செயலூக்கம் பெற்ற வடிவமாக மாற்றிக்கொள்கின்றன. அது கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. ஈ.கோலை கிருமி தாக்கிய செல்கள் சாவதும் குறைந்தது என்று 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு எலிகளில் இந்த வைட்டமின் டி ஏற்பாட்டை நீக்கிப் பார்த்தார்கள். நஞ்சுக்கொடியில் அழற்சி கட்டுமீறியது. ஆக, வைட்டமின் டி கிருமியையும் அடிக்கிறது, அழற்சியையும் அடக்குகிறது. எவ்வளவு நுட்பமான காவல்!

நம் மஞ்சளிலுள்ள குர்குமினும் ஆய்வகத்தில் நஞ்சுக்கொடித் திசுவின் அழற்சியைத் தணித்திருக்கிறது. கேட்டவுடன் மஞ்சள் மாத்திரை வாங்க ஓடாதீர்கள், தாய்மார்களே! கண்ணாடிக் குடுவையில் நடந்தது வயிற்றில் நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. உண்ணும் குர்குமின் மிகக் கொஞ்சமே ரத்தத்தில் சேரும். குழம்பில் போடுகிற மஞ்சள் போதும். வைட்டமின் டி மாத்திரையையும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. குறைபாடு இருந்தால் மருத்துவர் தருவார்.

இந்த ஆராய்ச்சி ஒருநாள் மருந்தாகி வரட்டும், மனமார வாழ்த்துவோம். அதுவரை வீட்டில் இருக்கிற மாமியாரும் கணவரும் எனக்கு ஒன்று செய்யுங்கள். கர்ப்பிணிக்குச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வெள்ளைப்படுதல் நாறினாலோ, கஷாயம் வைத்துக் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.