உறுதியைக் கேட்டுப் பெறுவோம்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கட்டடப் பொருள்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், கல் சுமப்பதும் கலவை போடுவதும் நம்மவர் பலரின் தொழில். சுவர் இடிந்தால் அதன் அடியில் அகப்படுவோரும் நம்மவரே. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று விடியற்காலையில் பக்கத்து வீடுகளின்மேல் சரிந்து, பட்டியல் இனத்தவர் 17 பேரின் உயிரைக் குடித்தது. சுவரின் உறுதியும் சமூகநீதியின் ஒரு கூறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாம் கடலோரத்தில் வாழ்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. நம் தவளக்குப்பமும் அவ்விடையில்தான் உள்ளது. புயல் என்றோ ஒரு நாள் தாக்கும். உப்புக் காற்று நாள்தோறும் தாக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பு புகுந்து கம்பியைத் துருவேற்றுகிறது. துரு இரும்பைவிட மிகுதியான இடம் கொள்வதால், கான்கிரீட் பிளந்து கூரையின் அடிப்பாகம் பெயர்ந்து விழுகிறது.

இதற்கு மாற்றுக் காண உயர்கல்வி நிறுவனங்கள் உழைத்து வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் சுவிட்சர்லாந்து அறிஞர்களும் ஒன்றுகூடி, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த புதிய சிமெண்டை ஆராய்ந்தனர். அதன் துளைகள் மிக நுண்ணியவை. உப்பு எளிதில் ஊடுருவாது. 2023இல் அதற்கு இந்தியத் தரவிதியும் வகுக்கப்பட்டது.

நாம் அறியவேண்டிய எளிய சோதனையும் உண்டு. 15 செ.மீ. கனசதுர அச்சில் கான்கிரீட்டை வார்த்து, 28 நாள் நீரில் ஊறவைத்து, பொறியில் அழுத்தி உடைத்துப் பார்ப்பர். கடலோரச் சூழலில் நிற்கும் கம்பிக் கான்கிரீட்டுக்கு எம்.30 தரமும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடலும் வேண்டும் என்பது ஐ.எஸ். 456 விதி. அது எவர் வீட்டுக்குப் போட்ட கலவை என்று அப்பொறி கேட்பதில்லை.

ஆகவே, நம் பகுதியில் தொகுப்பு வீடோ, பள்ளியோ, மேல்நிலைத் தொட்டியோ கட்டப்படும்போது, சோதனை அறிக்கையை நாம் கேட்டு வாங்குவோம். 1984இல் தொடங்கிய புதுச்சேரிப் பொறியியல் கல்லூரி 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அத்தகைய ஆய்வுக்கூடங்களில் நம் கொத்தனார், சித்தாள் வீட்டுப் பிள்ளைகள் இடம்பெற வேண்டும். பெற்றோர் கைப்பதத்தால் அறிந்த உறுதியை அவர்கள் கணக்கிட்டு அறியட்டும். அறிந்து, ஊருக்கு எடுத்துரைக்கட்டும்.